அமெரிக்க மருந்து

வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யோகம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வாயை அடக்கினால் தோள் குலுங்கியது. தோளை அடக்கினால் கண்ணில் நீர் முட்டியது.

மூன்று நாளைக்கு முன்பு இதே கட்டில் ஓரத்தில்தான் தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குடல்வால் அறுவை நல்லபடியாகத்தான் முடிந்தது. புண் சீழ் பிடிக்காமலிருக்கக் கொடுத்த மருந்துக்குப் பிறகு, அவள் கணவர் விஸ்வலிங்கத்துக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளில் இருபது தடவை. ஆள் துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி ஆகிவிட்டார். சிராங்கூன் சாலை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கடைசியாக முகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்று அந்த மனிதர் சாய்ந்து உட்கார்ந்து இடியப்பம் கேட்கிறார். அதுவும் சொதியோடு!

பிழைத்துவிட்டார். பிழைத்தே விட்டார். யோகத்துக்கு வார்டு நடுவில் கும்மியடிக்கலாம் போலிருந்தது.

இளம் டாக்டர்தான் வழி சொன்னார். மருந்து கெட்ட கிருமிகளோடு குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டதாம். உறை ஊற்றாத பால் தயிராகுமா? நலமாக இருக்கும் இன்னொருவர் வயிற்றிலிருந்து உறை எடுத்து இவருக்கு விட வேண்டும். அமெரிக்காவில் நாலு பேர் இப்படிப் பிழைத்திருக்கிறார்கள் என்று ஐம்பத்தெட்டாம் வருடத்துச் சஞ்சிகை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

யோகம் சரி என்றாள். அந்த உறையை எப்படி எடுப்பது என்று கேட்டாள். சொன்னார்.

அப்போதும் சரி என்றாள்.

அரை மயக்கத்தில் கிடந்த விஸ்வலிங்கத்துக்குக் குழாய் ஏற்றியது மட்டும்தான் தெரியும். சிங்கப்பூரிலேயே இந்த அமெரிக்க மருந்து முதன்முதலில் தனக்குத்தான் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

யோகம் கோப்பியைச் சூடு பார்க்க ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவரிடம் நீட்டினாள். சந்தோஷத்தில் மறந்துபோனாள்.

"என்னப்பா இது! நீர் வாய் வைச்சதை நான் குடிக்கிறதோ?"

இருபது வருடக் குடித்தனத்தில் அவள் கடித்த மாம்பழத்தை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. வீட்டில் அவருக்குக் குடிக்கத் தனிப் பேணி, சாப்பிடத் தனித் தட்டு. எச்சில் என்று சொல்லும்போதே முகம் கோணும்.

யோகத்துக்கு மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. கோப்பியைத் தானே மடமடவென்று குடித்தாள். புரையேறியது.

தாதி கமலா வந்து, வாயகன்ற மூடி போட்ட ஒரு போத்தலை அவள் கையில் வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்.

"இன்னும் ஒரு தடவை கொடுக்கணும்னு டாக்டர் சொல்றாருக்கா. நாளைக்குக் காலையில கக்கூஸ் வாளியில போயிடாதீங்க. அன்னிக்கு மாதிரியே இதுல புடிச்சிட்டு வந்துடுங்க லா."

விஸ்வலிங்கம் கட்டிலிலிருந்து கழுத்தை நீட்டிப் போத்தலைப் பார்த்தார்.

"அது என்ர மருந்துக்கோ? கவனம் யோகம், வேற ஆரும் தொடாமல் நீரே கொண்டு வாரும்."