காத்திருப்புக் கூடத்தில் ஒரு குறட்டை

ஸ்கேன் எடுக்கப்போவது என் கணவருக்குத்தான்; வேர்த்துக் கொட்டுவது எனக்கு. நெஞ்சில் ஏதோ நிழல் தெரிகிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் கண்ணை மூடவில்லை. இவரோ காத்திருப்புக் கூடத்தின் நீல நாற்காலியில் வாயை லேசாகத் திறந்தபடி தூங்குகிறார். ஜன்னல் வெயில் அவருடைய வழுக்கையில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கதவைத் திறந்து நர்ஸ் யாரைக் கூப்பிட்டாலும் எனக்குத் திக்கென்கிறது. அவருடைய குறட்டை தாளம் தப்புவதில்லை. காலையில் போனில் பிடித்த அடுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கேஸ் மூடித்தான் இருக்கிறது. இன்றைய படம்தான் என்பதற்குச் சாட்சியாக அடுப்பருகே ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். நேற்று வைத்தது கரண்டி. அந்தப் பழம் உருண்டுபோய்க் குமிழைத் திருகிவிட்டிருக்குமோ என்று இப்போது புதுக் கவலை பிடித்துக்கொள்கிறது. சட்டென்று குறட்டை நிற்கிறது. அவருடைய மூக்கருகே விரலை நீட்டுகிறேன். "மூச்சு வருது," என்கிறார் கண்ணைத் திறக்காமலே. "எலுமிச்சம்பழமும் வச்ச எடத்துலதான் இருக்கும்." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. எதிரே இருப்பவர் பத்திரிகையைத் தாழ்த்தி முறைக்கிறார். "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று மெல்லக் கேட்கிறேன். "எதுக்கு? அதான் ரெண்டு பேருக்கும் சேத்து நீ பயப்படறியே." என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போகிறார். கொடுத்துவைத்த மனுஷன். எனக்கும் அப்படி ஓர் ஆள் வாய்த்திருந்தால், இந்நேரம் இந்தக் கூடமே அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.