பதினாறாவது கை

கிள்ளானில் ஒரு சமூக மருத்துவமனை. அதை வாங்கிக்கொள்ளப் பெரிய மருத்துவக் குழுமம் ஒன்று வந்து நின்றது. வாங்கினால் இலவச வார்டு இருக்காது. அங்கே கட்டிலில் படுத்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்பது வழக்கம். செயலாளர் கன்னையாகூட மூலத்துக்குப் படுத்துத்தான் பொதுவாழ்க்கைக்கு வந்தார்.

கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்கள் முப்பது பேர். விற்கலாம் என்று பதினைந்து கைகள் உயர்ந்தன. கன்னையா எண்ணிக் குறித்துக்கொண்டார். சமமாகிவிட்டால் மருத்துவமனைத் தலைவர்தான் முடிவு செய்வார். அவர் என்றோ குழுமத்துக்குத் தலையாட்டிவிட்டார்.

"வேணாங்கிறவங்க?" என்று கேட்டார் கன்னையா.

பதினாறு கைகள்.

"கணக்குல புலிதான் நீங்க! மறுபடி எண்ணுங்கண்ணே," என்று சிரித்தார் தலைவர்.

மறுபடியும் பதினாறு. தாதி லோகேஸ்வரி எண்ணினார், பதினாறு. குழுமத்து ஆளும் எண்ணிப் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

"சரி, விக்கல. கைய இறக்குங்க லா," என்றார் கன்னையா.

பதினைந்து கைகள் இறங்கின. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் நின்றது. மெலிந்த கை, இரண்டு கண்ணாடி வளையல்கள், புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய டிரிப் ஊசி. அதற்குக் கீழே பார்க்கக் கன்னையாவுக்குத் தைரியம் வரவில்லை.

"தேங்க்ஸ் ஆன்டி," என்றார்.

கை மெல்ல இறங்கியது. அந்த வரிசையில் நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.