கேட்காமல் எடுத்த படகு

"இந்தக் காலத்துல எவனுக்கும் அடுத்தவன் பொருள்னா கூச்சமே இல்ல" என்று கிழவர் இரைந்தார். கரையில் இழுத்துப் போட்டிருந்த அவருடைய மோட்டார் படகைக் காணோம்.

"உங்க மருமகன்தான் எடுத்துட்டுப் போனாரு பெரியவரே" என்றான் பெட்ரோல் விற்பவன். "மணல்திட்டுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு."

"என்கிட்ட கேட்டானா?"

"போன் பண்ணாரு. நீங்கதான் எடுக்கல."

"எடுத்தா படகைக் கேப்பான். அதான் எடுக்கல."

மகள் ஓடி வந்தாள். "இன்னும் திரும்பலப்பா. இன்ஜின் கெட்டுப் போயிருக்குமோ?"

"என் இன்ஜினா? ஒரே இழுப்புல கிளம்பும்."

சற்று நேரத்தில் காவல் படகு கரை சேர்ந்தது. திட்டில் மாட்டிய இருவரும் நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள். மூன்றாவது ஆளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். மகள் அலறிக்கொண்டு அவன்மேல் விழுந்தாள்.

"பாதி வழியிலயே படகு முழுகிடுச்சு" என்றார் காவலர். "கரையில ஏத்துனா தண்ணி வடியுறதுக்கு அடியில இருக்குற ஓட்டைக்கு அடைப்பே இல்ல. போற அவசரத்துல பாக்கல போல."

கிழவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். எவனும் படகைத் திருடிவிடக் கூடாதென்று தினமும் கழற்றி எடுத்துவரும் அடைப்பு பத்திரமாக இருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல" என்று முணுமுணுத்தபடி அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.