ஏழாம் நம்பர் ஸ்டிக்கர்

"இன்னைக்கும் இருநூறுதானா? மத்தவங்கல்லாம் நானூறு தாண்டிட்டாங்க."

சூப்பர்வைசர் மோரிஸ் கேட்டதும், சுங்கைப்பட்டாணி எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் அந்த வரிசையில் இருந்த மற்ற ஏழு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாவது நாற்காலி அழகம்மா எழுந்து நின்றாள். ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவார்கள்.

"ஒவ்வொரு பீஸுக்கும் மிசினை ஜீரோ பண்ணிட்டுத்தான் டெஸ்ட் பண்றேன் சார்."

"காலையில ஒரு தடவை பண்ணுனா போதாதா?"

"உள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயர் சிக்னல் இல்லாதப்பவே கொஞ்சம் ஏத்திக் காட்டுது சார். சூடாக சூடாக இன்னும் ஏறுது. அதைக் கழிக்கலேன்னா கெட்ட பீஸும் நல்லதாட்டம் தெரியும். தோட்டத்துல ரப்பர் பால் நிறுக்கிறப்ப, காலி வாளியை முதல்ல நிறுத்துக் கழிப்பாரு கணக்கெழுதுற கிராணி. அந்த மாதிரி."

பக்கத்து நாற்காலி பேட்ரிசியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பீஸுக்குப் பீஸு மிசினுக்கு மூஞ்சி கழுவி விடுறா சார். பவுடர்தான் இன்னும் போடல."

மோரிஸும் சிரித்தார். "இது ஃபேக்டரிம்மா. வாளி புத்தியைத் தோட்டத்தோட விட்டுட்டு வரணும்."

வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்தார்கள். கை வேகம் போதாதாம். அழகம்மா தொப்பியையும் கோட்டையும் மடித்து வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை விடியும்போது பழையபடி பால் வாளி தூக்கினாள். ஏழாவது நாற்காலியில் ரூத் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

மூன்றே வாரம். ரூத் வருவதற்கு முன்பு அனுப்பிய சரக்கு, பழுது என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. பினாங்கிலிருந்து வந்த இன்ஜினியர் பரஞ்சோதி, ஒவ்வொரு பீஸிலும் ஒட்டியிருந்த நாற்காலி நம்பரைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்.

"எல்லா நம்பரும் இருக்கு. ஏழு மட்டும் ஒண்ணுகூடத் திரும்பி வரல. யாரு அந்த ஏழு?"

பேட்ரிசியா வாயைத் திறந்தாள். மோரிஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"இதோ, இந்த ரூத்துதான் சார். எங்க அண்ணன் மக," என்றார் மோரிஸ்.

"கெட்டிக்காரப் பொண்ணா இருக்கே. எப்படிம்மா செஞ்சே?"

மோரிஸ்தான் பதில் சொன்னார்.

"நான் பழக்கி விட்டதுதான் சார். தோட்டத்துல பால் நிறுக்கிறப்ப, காலி வாளியை முதல்ல நிறுத்துக் கழிப்பாங்க பாருங்க... அந்த மாதிரி."