திரும்பி வரக் காரணம்

"கூட யாரும் உள்ள வரக் கூடாது" என்றார் விசா அலுவலகக் காவலாளி.

"இவளைத் தனியா விட முடியாது சார்" என்று கெஞ்சிக் கூத்தாடி, மனைவியின் சக்கர நாற்காலியைக் கவுண்ட்டர் வரை தள்ளிவந்தார் கணவர்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி சலித்துக்கொண்டார். "மகனைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கேயே தங்கிடறாங்க. நீங்க திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறது?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான் ஒருத்தி இங்க கிடக்கேனே சார், அது போதாதா? எனக்குத் தலை வாரி விடுறதுகூட இவர்தான். ரெண்டு மாசம் என் தங்கச்சி வீட்டுல இருக்கேன், போயிட்டு வாங்கன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளுறேன். பேரன் முகத்தைப் பாத்த கையோட ஓடி வந்துடுவாரு."

அதிகாரியின் முகம் இளகியது.

"இந்த அம்மாவுக்காகத் தர்றேன் சார்."

வெளியே வந்ததும் கணவர் யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது.

"டாக்ஸி இல்லையாங்க?"

"தங்கச்சி வீடு தூரமாச்சே. இதுல நீ படுத்துக்கிட்டே போகலாம்."

மனைவியை உள்ளே படுக்க வைத்த முதியோர் இல்லத்துப் பெண், அவரைத் தனியே அழைத்துக் கேட்டாள். "அம்மாவை எத்தனை மாசம் சார் வெச்சுக்கணும்?"

"கடைசி வரைக்கும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, நான் பேசினது சரியா இருந்துச்சா?"

அவர் குனிந்து, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா விசாவே கிடைச்சிருக்காது" என்றார்.