ஸலாத்துக்குப் பதில்

வீட்டைச் சோதிக்க வருவதாகச் சொல்லியிருந்த வீட்டு ஏஜெண்ட், சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து பெல்லை அடித்தார்.

மூஸா எல்லாரையும் ஒளியச் சொல்லிக் கைகாட்டினான். மெரிலேண்ட்ஸில் அந்த வீட்டு ஒப்பந்தத்தில் இருந்தவை இரண்டே பெயர்கள், அவனும் ஹமீது நானாவும். உள்ளே குடியிருந்தவர்கள் அதைப்போல் மூன்று மடங்கு.

ஒலிம்பிக்ஸ் வருகிற வருடம். வாடகை தாறுமாறாக ஏறிக்கிடந்தது. இங்கிருந்து துரத்தினால் சிட்னியில் ஒரு கோழிக்கூடுகூடக் கிடைக்காது.

வேலைக்குப் போனால், துறைமுகத்து ஹோட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு அகலமான மெத்தைகளை விரிக்கிறவர்கள் அவர்கள். தங்கள் பாயை விரிக்கத்தான் இடமில்லை.

நொடியில் வீடு காலியானது. ஒருவன் அலுமாரிக்குள், இருவர் கட்டிலுக்கடியில், இன்னொருவன் குளியலறையில். ஒப்பந்தத்தில் பெயர் இருந்த ஹமீது நானாவும் பதற்றத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஏஜெண்ட் டை கட்டிய, சிரிக்காத மனிதர். சட்டையில் 'சாம்' என்று பெயர் குத்தியிருந்தது. அடுப்பைப் பார்த்தார். குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் மட்டும் நின்றுவிட்டார். கைகளை விரித்து அகலம் பார்த்தார். வெயில் காலத்தில் இதற்குள் மூச்சு முட்டுமா என்று கேட்டார்.

மூஸா இரவில் படுப்பது அங்கேதான். சாமான்களுக்கு மூச்சு இல்லையே என்று சொல்லிச் சமாளித்தான்.

ஏஜெண்ட் வாசலுக்குப் போனார். கதவுக்கு மேலே மாட்டியிருந்த குர்ஆன் வசனத்தைப் பார்த்ததும் முகம் இளகியது. அந்த 'சாம்' ஒரு லெபனான் முஸ்லிம் என்பது மூஸாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

ஸலாம் சொன்னால் பதில் சொல்லாமல் விடுகிற வளர்ப்பு அந்த வீட்டில் எவருக்கும் இல்லை.

அலுமாரி பதில் சொன்னது. கட்டில் இரண்டு குரலில் சொன்னது. குளியலறை எதிரொலியோடு சொன்னது. திரைச்சீலை, "வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" வரைக்கும் நிறுத்தி நிதானமாக ஓதி முடித்தது.

மூஸா கண்ணை இறுக மூடிக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு.

"எல்லாரும் வெளிய வாங்கோ" என்றான் அழாக்குறையாக.

கண்ணைத் திறந்தபோது ஏஜெண்டைக் காணவில்லை. தெருவில் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்துகொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் பெட்டி, மறு கையில் தலையணை.

அவருடைய வீட்டுக்காரனும் போன வாரம் வாடகையை ஏற்றிவிட்டானாம். இரண்டு பேர் படுக்க அந்தச் சாமான் அறை தாராளமாகப் போதும் என்றார். மூச்சை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாமாம்.