மூணு மாச கேரண்டி

“ஏங்க, மெதுவா பேசுங்க. ஆள் இன்னும் உள்ளதான் இருக்கான்” என்று கிசுகிசுத்தாள் மாலா.

தேவதாஸ் கையில் துடைப்பத்தோடு குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். ஒரு வால் மட்டும் தெரிந்தது. அதுவும் சட்டென்று பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

‘எலி’ என்று வாய்விட்டுச் சொன்னால் அது காதில் வாங்கிக்கொண்டு உஷாராகிவிடுமாம். அதனால் முதலியார்பேட்டையில் அந்த வீட்டில் மூன்று மாதமாக அதற்குப் பேர் ‘ஆள்’.

இன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்! பதினோரு மணிக்கு மகள் சுடர்விழியைப் பெண் பார்க்க சேதராப்பட்டிலிருந்து வருகிறார்கள். போன தடவை வந்த மாப்பிள்ளையின் அம்மா, ஆள் காலில் ஏறியதும் நாற்காலி மேல் ஏறினார். இறங்கியதும் நேராக ஆட்டோவுக்குப் போய்விட்டார். இந்தச் சம்பந்தமும் கெட்டால் மகளுக்குக் கல்யாணமே நடக்காது என்று தேவதாஸ் பயந்தார்.

பூச்சி, எலி ஒழிக்கும் கம்பெனிப் பையன் முகிலனுக்கு போன் போட்டார்.

“மூணு மாச கேரண்டின்னியே தம்பி, இன்னா கேரண்டி இது?”

“இதோ வந்துட்டேன் சார்!”

பத்தே நிமிஷத்தில் வந்து நின்றான். அவனைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். இந்த மூன்று மாதத்தில் ஓட்டைகளில் இரும்பு நாரைத் திணித்து சிமென்ட் பூசினான், சாக்கடைக் குழாய்க்கு வலை போட்டான், மாடியைத் தொட்ட முருங்கைக் கிளையை வெட்ட வைத்தான்.

கருவாடு வைத்த கூண்டில் நாலு தடவை ஆள் மாட்டவும் செய்தான். பிள்ளையார் வாகனத்தைக் கொல்லக் கூடாது என்று சுடர்விழிதான் கூண்டை ஸ்கூட்டியில் கொண்டுபோய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவாள். அடுத்த வாரமே இன்னொன்று!

“அரிசி, பருப்பு எல்லாம் டப்பாவுல. ஒரு பருக்க வெளிய இல்ல. இன்னாத்த தின்னு இது இப்படிக் கொழுத்துக் கிடக்குது?” என்று கேட்டார் தேவதாஸ்.

“அதான் சார் எனக்கும் புரியல” என்று முகிலன் தலையைச் சொறிந்தான்.

அதற்குள் வாசலில் கார் சத்தம். மாலா அவனை அப்படியே அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஹேமலதா கேசரியை வாயில் போட்டார், சுடர்விழியைப் பார்த்தார், சிரித்தார். “பொண்ணு லட்சணமா இருக்கா. எங்களுக்குப் புடிச்சிருக்கு.”

தேவதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கும்பிடக் கையைத் தூக்கினார். பீரோவுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய ஆள், தட்டில் ஒரு கால், கேசரியில் ஒரு கால் வைத்து ஹேமலதாவின் மடியில் குதித்தான்.

“ஐயோ அம்மா!”

சோபா கவிழ்ந்தது. காபி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. ஐந்தே நிமிஷத்தில் கார் தெருமுனை தாண்டிவிட்டது.

தேவதாஸ் துடைப்பத்தை வீசி எறிந்தார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“இந்த எலியப் புடிக்கிறவன் எவனா இருந்தாலும் சரி, அவனுக்கே என் பொண்ணக் குடுக்கறேன்யா! ஜாதகம்கூட பாக்க மாட்டேன்!”

“ஐயையோ, பேரச் சொல்லிட்டீங்களே!” என்று மாலா வாயைப் பொத்தினாள்.

அடுப்படியிலிருந்து முகிலன் மெல்ல எட்டிப் பார்த்தான்.

“சத்தியமாவா சார்?”

“சத்தியமாத்தான்டா! மொதல்ல புடி!”

முகிலன் நகரவே இல்லை. அவன் சுடர்விழியைப் பார்த்தான்.

அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பீரோவுக்கு முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கையை நீட்டினாள்.

“செல்லக்குட்டி, வந்த வேல முடிஞ்சிடுச்சு. வெளிய வா!”